இரு ஆய்வுக்கூடங்கள், ஒரு காற்று

ஆண்டுதோறும் ஒரு முறையேனும் நம்முடைய நாளிதழ்களில் தவறாமல் இடம்பெறும் செய்தி ஒன்று உண்டு. வாயு மண்டலத்தில் கரியமில வாயு இத்தனை அளவுக்கு உயர்ந்துவிட்டது, சென்ற ஆண்டைக் காட்டிலும் இத்தனை கூடிவிட்டது என்பதே அது. 2024-ஆம் ஆண்டில் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் கண்ட சராசரி, பத்து லட்சம் பங்கு காற்றில் 424.6 பங்கு. இதைக் காலையில் படித்துவிட்டு மாலையில் சங்குமுகம் கடற்கரைக்குக் காற்று வாங்கப் போகும் திருவனந்தபுரத்து வாசகர் ஒருவர், தம் முகத்தில் படும் இந்த உப்புக் காற்றுக்கும், பசிபிக் சமுத்திரத்தின் நடுவே ஓர் எரிமலைச் சரிவில் வீசும் அந்தக் காற்றுக்கும் என்ன சம்பந்தம் என்றும், உலகத்துக் காற்று முழுவதற்கும் ஓர் எண்ணைச் சொல்ல எவருக்கு எப்படி இயலும் என்றும் எண்ணுவாராயின், அது அறியாமையிலிருந்து பிறந்த கேள்வியன்று. இத்துறையின் அறிஞர்கள் எழுபது ஆண்டுகளாகத் தமக்குள் கேட்டுக்கொண்டு வரும் கேள்வியே அது.

அதை இன்னும் சற்றுக் கூர்மையாக்கிக்கொள்வோம். மௌனா லோவாவில் அளப்பவர் ஒருவர். தாஸ்மேனியத் தீவில் அளப்பவர் வேறொருவர். லடாக்கின் பனி மலையிலும் கோவாவின் கடல் முனையிலும் காற்றைப் பிடித்து அனுப்பியவர்கள் மற்றும் சிலர். கருவிகள் வேறு, அவற்றைச் செய்த கம்பெனிகள் வேறு, இயக்கும் கைகள் வேறு. ஓரிடத்தில் 424 என்றும் மற்றோரிடத்தில் 422 என்றும் எண் வருமானால், அந்த இரண்டு பங்கு வித்தியாசம் காற்றில் உள்ளதா, கருவியில் உள்ளதா? காற்றில் உள்ளதென்றால் அது காடுகளையும் கடல்களையும் ஆலைப் புகையையும் பற்றிய பெரிய சேதியாகும். கருவியில் உள்ளதென்றால் அது வெறும் பிழையாகும். இரண்டையும் பிரித்தறிய வழி காணாதவரையில், எத்தனை நிலையங்களை எத்தனை மலைகளில் அமைத்தும் பயனில்லை.

கருவி எதை அறியும்?

கரியமில வாயுவை அளக்கும் கருவி, அந்த வாயுவின் துகள்களை ஒன்று இரண்டு என்று எண்ணுவதில்லை. ஒரு குழாயினுள் காற்றைச் செலுத்தி, கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கதிரை அதனூடே பாய்ச்சுகிறார்கள். கரியமில வாயு அக்கதிரின் ஒரு பகுதியை விழுங்கிவிடும் இயல்புடையது. வாயு மிகுந்தால் விழுங்குவதும் மிகும். கருவி அறிவது அவ்வளவே: வெளியே வந்த கதிர் எவ்வளவு மங்கிற்று என்பது. அந்த மங்கலை 424 என்றோ 422 என்றோ மொழிபெயர்க்க வேண்டுமானால், அளவு முன்கூட்டியே நிச்சயமாகத் தெரிந்த வேறொரு காற்றை அதே குழாயினுள் செலுத்தி, அதற்கு எவ்வளவு மங்குகிறது என்று பார்த்தாக வேண்டும். சிலிண்டரில் அடைத்து வைத்த அத்தகைய காற்றை, அதாவது இதர காற்றுகளை அளப்பதற்குச் சாட்சியாக நிற்கும் காற்றை, இந்த அத்தியாயத்தில் 'பிரமாண வாயு' என்று குறிப்போம்.

திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் நகைக்கடைத் தராசு எவ்வளவு நுட்பமானதாக இருந்தபோதிலும், அதைச் சோதிக்கும் எடைக்கல்லில் அரசாங்கத்தின் முத்திரை விழுந்திருந்தால்தான் அங்கே நிறுத்த பவுனும் மதுரையில் நிறுத்த பவுனும் ஒன்றாகும் என்பது நமக்குத் தெரிந்த விஷயம். காற்றை அளப்பவர்க்கும் அத்தகைய எடைக்கல் வேண்டும். ஆனால் இரும்புக்கல் பெட்டிக்குள் சும்மா கிடக்கும்; காற்று அப்படிக் கிடப்பதில்லை. அது சிலிண்டரின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும். சிலிண்டர் காலியாகிக்கொண்டு வருகையில் ஒட்டியிருந்தது மெல்லப் பெயர்ந்து வந்து, மிஞ்சிய காற்றின் விகிதத்தையே மாற்றிவிடும். ஆதலால் பிரமாண வாயுவும் தன்னிலும் மேலான மற்றொரு பிரமாணத்தின் முன் காலந்தோறும் நிறுத்தப்பட வேண்டியதாகிறது.

தும்பாவின் ஈரம்

ஒரு கணக்கைப் பொறுமையாகப் போட்டுப் பார்த்தால், இரு இடங்களின் எண்களை ஒப்பிடுவது ஏன் இத்தனை கடினம் என்பது விளங்கிவிடும். திருவனந்தபுரத்துக்கு வடக்கே கடற்கரையை ஒட்டியது தும்பா. 1963 நவம்பர் 21 அன்று இந்திய மண்ணிலிருந்து முதல் ஆராய்ச்சி ராக்கெட் எழும்பியது அங்கேதான். இன்று அங்கே விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தைச் சேர்ந்த விண்வெளி இயற்பியல் ஆய்வுக்கூடம், ஓசோன், மீத்தேன் முதலிய வாயுக்களையும் தரைமட்டத்தில் அளந்து வருகிறது. தும்பாவுக்கும், லடாக்கில் சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஹான்லேக்கும் ஒரே தன்மையுள்ள காற்று வந்து சேர்ந்தது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஈரத்தை முற்றிலும் நீக்கிவிட்டுப் பார்த்தால், இரண்டிலும் பத்து லட்சத்துக்குச் சரியாக 420 பங்கு கரியமில வாயு இருக்கிறது.

தும்பாவின் காற்றோ ஈரம் நிறைந்தது. சித்திரை மாதத்துப் புழுக்கத்தில் அங்கே காற்றின் நூறு பங்கில் ஏறக்குறைய மூன்று பங்கு நீராவியாகவே இருக்கும். அப்படியானால் அந்த ஈரக் காற்றில் பத்து லட்சம் துகள்களை எடுத்தால், அவற்றில் 30,000 நீரின் துகள்கள். எஞ்சிய 9,70,000 மட்டுமே உலர்ந்த காற்று. பத்து லட்சம் உலர் துகள்களுக்கு 420 என்றால், 9,70,000 துகள்களுக்கு 407.4. ஈரத்தைப் பொருட்படுத்தாத கருவி ஒன்று தும்பாவில் இருந்தால் 407.4 என்றே காட்டும். ஹான்லேயின் குளிர்காலக் காற்றில் நீராவி ஆயிரத்துக்கு இரண்டு பங்கு என்று கொண்டால், அதே கருவி அங்கே காட்டுவது சுமார் 419.2.

இரண்டு எண்களையும் அருகருகே எழுதிப் பார்க்கிற ஒருவர், லடாக்கின் மலையுச்சியில் கேரளக் கடற்கரையைக் காட்டிலும் கரியமில வாயு பன்னிரண்டு பங்கு அதிகம் என்று முடிவு கட்டி, அதற்குத் தென்னந்தோப்புகளையோ அரபிக் கடலையோ காரணமாகவும் சொல்லத் துணிவார். காரணம் கேட்பவர் காதுக்கு இனிமையாகவும் இருக்கும். ஆனால் பன்னிரண்டு பங்கு என்பது, உலகக் காற்றில் இப்போது ஏறிவரும் வேகத்தில் ஏறக்குறைய ஐந்தாண்டு உயர்வுக்குச் சமம். அது முழுவதும் நீராவி செய்த மாயம். இன்னும் ஒரு படி போனால், தும்பாவிலேயே ஈரம் நூற்றுக்கு இரண்டிலிருந்து மூன்றாக மாறும்போது, கரியமில வாயு நான்கு பங்கு குறைந்ததுபோல் தோன்றி, இல்லாத ஒரு பருவ மாற்றம் கணக்குப் புத்தகத்தில் ஏறிவிடும்.

இதனாலேயே உலகத்து ஆய்வுக்கூடங்கள் யாவும் உலர்ந்த காற்றின் கணக்கிலேயே எண்களைச் சொல்வது என்று உடன்பட்டிருக்கின்றன. காற்றைக் குளிர்ந்த குழாயினுள் செலுத்தி ஈரத்தை உறையச் செய்கிறார்கள். அல்லது ஈரம் உறிஞ்சும் உப்பின் வழியே செலுத்துகிறார்கள். புதிய லேசர்க் கருவிகளோ நீராவியையும் கூடவே அளந்து, கணக்கினால் கழித்துவிடுகின்றன. வெப்ப நாட்டுக் கடற்கரையில் வேலை செய்கிறவர்களுக்கு இது எத்தனை பெரிய சுமை என்பதைக் குளிர் நாட்டு நூல்கள் போதிய அளவு சொல்வதில்லை என்பது என் எண்ணம். கழிக்க வேண்டிய தொகை பெரிதாக இருக்குமிடத்தில், கழித்தலில் நேரும் சிறு பிழையும் பெரிதாகவே இருக்கும்.

ஈரத்தைக் கழித்த பிறகும் தும்பாவில் எண் ஒரு நிலையில் நிற்பதில்லை. பகலில் கடற்காற்று சுத்தமான காற்றைக் கொண்டுவருகிறது. இரவில் நிலக்காற்று ஊரின் காற்றைக் கடலை நோக்கித் தள்ளிக்கொண்டு வருகிறது. மீத்தேன் அங்கே இரவில் மிகுந்து பகலில் குறைவதற்கு இதுவே முக்கியமான காரணம். ஆனால் இது மெய்யான வித்தியாசம். பொய்யான வித்தியாசத்தைக் களைவதன் நோக்கமெல்லாம் இத்தகைய மெய்யான வித்தியாசத்தைக் காண்பதற்காகவே.

வடக்கு ஐரோப்பாவில் நேர்ந்தது

மேலே சொன்ன குழப்பம் கற்பனையன்று. 1954-ஆம் ஆண்டின் இறுதியில், புகழ்பெற்ற வானிலை அறிஞர் கார்ல் குஸ்தாவ் ராஸ்பியின் தூண்டுதலால், ஸ்வீடன் முதலிய வடக்கு ஐரோப்பிய நாடுகளில் சுமார் பதினைந்து நிலையங்களில் காற்றைப் பிடித்து, இரசாயன முறையினால் கரியமில வாயுவை அளக்கத் தொடங்கினார்கள். நோக்கம் உயர்ந்தது, உழைப்பும் குறைவில்லை. ஆயினும் வந்த எண்கள், இடத்துக்கு இடமும் நாளுக்கு நாளும் ஏறக்குறைய நூறு பங்கு வரையில் ஏறியும் இறங்கியும் காணப்பட்டன. காற்றின் திரள்கள் ஒவ்வொன்றும் தத்தம் அடையாளத்தைக் கரியமில வாயுவில் தாங்கி வருகின்றன என்று அன்று பலர் அதற்குப் பொருள் கொண்டார்கள்.

அதே காலத்தில் அமெரிக்காவில் சார்லஸ் டேவிட் கீலிங் என்ற இளைஞர், இரசாயன முறையை விட்டுவிட்டு, கரியமில வாயுவை மட்டும் உறையவைத்துப் பிரித்து அதன் அழுத்தத்தைப் பாதரசக் கருவியில் அளக்கும் மிக நுட்பமான ஏற்பாடு ஒன்றைத் தம் கையாலேயே செய்துகொண்டார். காட்டிலும் கடற்கரையிலும் மலையிலும் அவர் அளந்தபோது, இரவில் எண்கள் மாறினாலும், பிற்பகலில் எங்கே பார்த்தாலும் 310 பங்கை ஒட்டியே நின்றன. உலகக் காற்று நன்றாகக் கலந்தது என்பதும், நூறு பங்கு வித்தியாசம் பெரும்பாலும் முறையின் பிழை என்பதும் அதனால் வெளிப்பட்டன. வடக்கு ஐரோப்பிய நிலையங்களின் அத்தனை நாள் உழைப்பிலிருந்து கரியமில வாயுவைப் பற்றி நிலையாக எதையும் பெற இயலாமற் போயிற்று.

கீலிங் 1958 மார்ச்சில் மௌனா லோவாவில் கருவியை ஓட்டத் தொடங்கினார். அது காட்டிய முதல் எண் 313. தென் துருவத்திலும் அவர் பணியாற்றிய ஸ்க்ரிப்ஸ் கடலாய்வு நிலையத்தார் அளந்தார்கள். இரண்டிடத்துக் கருவிகளையும் ஒரே ஆய்வுக்கூடத்தில் நிர்ணயித்த பிரமாண வாயுக்களைக் கொண்டே சோதித்ததனால், பூமியின் இரு கோடிகளையும் முதல் தடவையாக ஒரே கோலால் அளந்ததாயிற்று. மௌனா லோவாவின் வரைகோட்டை எல்லோரும் போற்றுகிறோம். அதற்கு அடியில் இருந்த சிலிண்டர்களை யாரும் நினைப்பதில்லை.

நைட்ரஜன் செய்த பிழை

ஆனால் கீலிங்கின் பிரமாண வாயுக்களிலும் ஒரு குறை இருந்தது. அவர் கரியமில வாயுவைக் காற்றில் கலக்காமல் தூய நைட்ரஜனில் கலந்து சிலிண்டர்களில் அடைத்திருந்தார். காற்றில் ஐந்தில் ஒரு பங்கு பிராணவாயு உண்டல்லவா? கரியமில வாயுவின் துகள் எந்தத் துகள்களோடு இடையறாது மோதிக்கொண்டிருக்கிறதோ, அதைப் பொறுத்து அது கதிரை விழுங்கும் விதமும் சிறிது மாறும். நைட்ரஜனுக்கு நடுவே அது விழுங்குவது ஒரு விதம். பிராணவாயுவும் கலந்த காற்றின் நடுவே வேறு விதம். ஆகவே சிலிண்டரும் காற்றும் ஒரே அளவு கரியமில வாயுவைக் கொண்டிருந்தாலும் கருவி இரண்டுக்கும் வெவ்வேறு எண் காட்டிற்று. இந்தப் பிழை சில பங்குகள் வரையில் போகக்கூடியது. அது போதாதென்று, கருவியின் அமைப்புக்கு ஏற்ப அளவும் மாறுவது; ஆகவே ஒரே பிரமாணத்தைப் பயன்படுத்தும் இரண்டு ஆய்வுக்கூடங்கள்கூடத் தம்முள் மாறுபட்டு நின்றன.

இது தெரியவந்தது எப்படி என்பதுதான் கவனிக்கத்தக்கது. தனித்தனியே வேலை செய்தவரையில் ஒவ்வொரு கருவியும் தன்னளவில் முரணின்றியே இருந்தது; இன்று காட்டிய எண்ணையே நாளையும் காட்டிற்று. தன்னோடு தான் ஒத்துப்போவதைச் சரியாக இருப்பதாக எண்ணிவிடுவது மனித இயல்பு. பல நாட்டார் சிலிண்டர்களைப் பரிமாறிக்கொண்டு, வெவ்வேறு கருவிகளில் ஒரே வாயுவைச் செலுத்திப் பார்த்தபோதுதான் குறை கண்ணுக்குத் தெரிந்தது. 1975-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் லா ஹோயாவில், உலக வானிலை அமைப்பின் ஆதரவில், கரியமில வாயு அளப்பவர்கள் முதன்முறையாக ஒன்றுகூடினார்கள். பிற்பாடு பிரமாண வாயுக்களை இயற்கைக் காற்றிலேயே தயாரிக்கும் வழக்கம் நிலைபெற்றது. பழைய எண்கள் யாவும் திருத்தப்பட்டன.

கொடைக்கானலிலிருந்து போன தட்டுகள்

இங்கே சற்றுப் பின்னோக்கிச் சென்று, நம் ஊர்ப்பக்கத்துச் சம்பவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வாயு வேறு, சங்கடம் அதுவே. ஆக்ஸ்போர்டில் இருந்த டாப்ஸன், வானத்தில் உள்ள ஓசோனின் மொத்த அளவைச் சூரிய ஒளியிலிருந்து கணிக்கும் நிறமாலைக் கருவிகளைத் தயாரித்து, முதலில் ஐரோப்பாவில் பல இடங்களில் வைத்துப் பார்த்தார். 1928-இல் அவற்றை உலகத்தின் பல மூலைகளுக்கும் பிரித்து அனுப்பினார். கலிபோர்னியா, எகிப்து, நியூஜிலாந்து ஆகியவற்றோடு, பழனி மலைமீது கொடைக்கானல் சூரிய ஆராய்ச்சி நிலையத்துக்கும் ஒரு கருவி வந்தது.

கருவி, ஒளியைப் புகைப்படத் தட்டில் பதிவு செய்யும். தட்டைக் கழுவும் மருந்தும், கழுவும் நேரமும், கருமையை அளக்கும் விதமும் இடத்துக்கு இடம் மாறினால் ஓசோனின் அளவும் மாறிவிடும் என்பதை டாப்ஸன் உணர்ந்திருந்தார். ஆதலால் கொடைக்கானலிலும் கெய்ரோவுக்கு அருகிலும் எடுத்த தட்டுகள் அங்கே கழுவப்படாமல், கப்பலேறி ஆக்ஸ்போர்டு போய்ச் சேர்ந்து, ஒரே ஆய்வுக்கூடத்தில் ஒரே முறையில் கழுவி அளக்கப்பட்டன. வெப்ப மண்டலத்தின் மேல் ஓசோன் குறைவு, பருவத்துக்குப் பருவம் மாறுவதும் சொற்பம் என்ற உண்மை அவ்விதம்தான் உறுதிப்பட்டது. அந்த முடிவைப் பின்வந்த எந்தக் கருவியும் பொய்ப்பிக்கவில்லை.

எல்லாவற்றையும் ஓரிடத்துக்கே அனுப்பி அளப்பது ஒரு வழி. கருவிகளையே ஓரிடத்தில் கொண்டுவந்து கூட்டுவது மற்றொரு வழி. 1983 மார்ச்சில் தும்பாவில் இந்தியரும் சோவியத் நாட்டாரும் செய்தது இதையே. இரு நாட்டாருடைய ஓசோன் கருவிகளையும் பலூன்களிலும் ராக்கெட்டுகளிலும் ஏற்றி, ஒரே வானத்தில், ஒரே பருவத்தில் பறக்கவிட்டு, ஒன்றன் எண்ணை மற்றொன்றன் எண்ணோடு வைத்துப் பார்த்தார்கள். இப்படி ஒரே பொருளைப் பலரும் அளந்து எண்களைச் சரிபார்ப்பதை 'ஒப்பளவு' என்போம். பூமத்திய ரேகைக்கு அண்மையில் ராக்கெட் ஏவ வசதியுள்ள இடங்கள் மிகச் சிலவே ஆகையால், தும்பாவில் நடந்த ஒப்பளவுக்குத் தனி மதிப்பு உண்டு.

கோவாவின் காற்று ஆஸ்திரேலியாவில்

கரியமில வாயுவுக்குத் திரும்புவோம். கோவாவின் தென்பகுதியில், பழங்கோட்டை ஒன்று உள்ள காபோ தெ ராமா என்ற முனை கடலுக்குள் நீண்டிருக்கிறது. 1993 முதல் 2002 வரையிலும், பின்னர் 2009 முதல் சில ஆண்டுகளும், அங்கே காற்றைக் கண்ணாடிக் குடுவைகளில் பிடித்து, ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரையடுத்த ஆஸ்பெண்டேலில் உள்ள அரசு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிவந்தார்கள். அகமதாபாத்தின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தாரும் கோவாவின் கடலாய்வு நிலையத்தாரும் ஆஸ்திரேலியரோடு சேர்ந்து செய்த பணி இது. தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களில் அந்த முனைக்கு வருவது பூமத்திய ரேகைக்குத் தெற்கேயிருந்து சமுத்திரத்தைத் தாண்டி வரும் காற்று. குளிர்காலத்தில் வருவது நம் உபகண்டத்தின் நிலப்பரப்பைத் தழுவி வரும் காற்று. ஒரே முனையில் நின்றுகொண்டு இருவேறு உலகங்களின் காற்றையும் பிடிக்கலாம். மீத்தேன் முதல் காலத்தில் தாழ்ந்தும் இரண்டாம் காலத்தில் உயர்ந்தும் இருப்பது அக்குடுவைகளில் தெளிவாகத் தெரிந்தது.

இதற்கிடையே ஹான்லே, புதுச்சேரி, போர்ட் பிளேர் ஆகிய மூன்று இடங்களில் 2007 முதல் 2011 வரையில் பிடித்த காற்று, பாரிசுக்கு அருகே ழிஃப்-சூர்-ஈவெத் என்னும் ஊரில் உள்ள பிரெஞ்சு ஆய்வுக்கூடத்துக்குப் போயிற்று. புனேக்கு அருகே சிங்ககட் மலையில் பிடித்ததைப் புனேயின் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிலையத்தார் தாமே அளந்தார்கள். ஆக, நம் நாட்டுக் காற்று மூன்று கண்டங்களில் அளக்கப்பட்டிருக்கிறது. கோவாவின் எண்ணையும் புதுச்சேரியின் எண்ணையும் ஒரே படத்தில் குறித்து, இடையே உள்ள தக்காண பூமி கரியமில வாயுவை வெளிவிடுகிறதா உட்கொள்கிறதா என்று ஒருவர் ஆராயத் தொடங்குவாராயின், முதலில் அவர் அறிய வேண்டுவது கோவாவையும் புதுச்சேரியையும் பற்றியதன்று. ஆஸ்பெண்டேலும் ழிஃப்பும் ஒரே சிலிண்டருக்கு ஒரே எண்ணைச் சொல்கின்றனவா என்பதே.

இதைச் சோதிக்கச் சில சிலிண்டர்களை நாடு நாடாகச் சுற்றி அனுப்புகிறார்கள். உள்ளே எவ்வளவு என்பது அனுப்பியவருக்கு மட்டுமே தெரியும். பெறுகிறவர்கள் அளந்து, எண்ணை எழுதி அனுப்ப வேண்டும். ஆனால் சிலிண்டர் வருவது சில ஆண்டுகளுக்கு ஒரு முறை. அன்றியும் பரீட்சைக்கு உட்படுவது கருவி மட்டுமே. குடுவையில் பிடிப்பது, விமானத்தில் அனுப்புவது, வாரக்கணக்கில் காத்திருப்பது ஆகியவற்றில் நேரும் பிழைகள் அதில் அகப்படா.

ஆகவே 1990-களின் தொடக்கத்தில் ஆஸ்பெண்டேலாரும், அமெரிக்காவின் போல்டர் நகரத்து ஆய்வுக்கூடத்தாரும் வேறொரு வழியை மேற்கொண்டார்கள். தாஸ்மேனியாவின் வடமேற்குக் கோடியில் கேப் கிரிம் என்னும் நிலையம் இருக்கிறது. தென் சமுத்திரத்திலிருந்து தடையின்றி வரும் மேல்காற்று அங்கே வீசுகிறது. அங்கே பிடித்த குடுவையை முதலில் ஆஸ்பெண்டேலில் அளப்பார்கள். காற்று முழுவதையும் செலவிட்டுவிடாமல் மிச்சத்தைப் போல்டருக்கு அனுப்புவார்கள். அங்கே அதே குடுவையின் அதே காற்றை மறுபடி அளப்பார்கள். இந்தப் பணி ஆண்டுக்கணக்கில் இடைவிடாமல் நடந்தது. உலகத்தில் இதைவிடக் கவனமாக வேலை செய்யும் ஆய்வுக்கூடங்கள் இரண்டைக் காட்டுவது அரிது; இருவரும் ஒரே மூலத்திலிருந்து பிரமாணம் பெற்றவர்கள். அப்படியிருந்தும் அவர்கள் தமக்குள் வகுத்துக்கொண்ட வரம்பை மீறிய வித்தியாசங்கள் நீடித்து இருந்தன என்றும், சுற்றிவரும் சிலிண்டர்களை மட்டும் நம்பியிருந்தால் அவை தெரியாமலே போயிருக்கும் என்றும் 2001-இல் அவர்களே வெளியிட்டார்கள். தங்கள் எண்ணுக்குக் குறைவு வரும் என்று அஞ்சாமல் இதை அச்சிட்டதை, ஒரு புதிய கண்டுபிடிப்புக்குக் குறையாத காரியமாகவே நான் கருதுகிறேன்.

மூலப் பிரமாணமும் ஒரு வளையமும்

எல்லாச் சிலிண்டர்களுக்கும் மேலான சிலிண்டர் எது? 1995 வரையில் அந்தப் பொறுப்பு கீலிங்கின் ஸ்க்ரிப்ஸ் நிலையத்திடம் இருந்தது. அதன்பின் போல்டருக்கு வந்தது. அங்கே பதினைந்து சிலிண்டர்கள் கொண்ட ஒரு வரிசையை மூலப் பிரமாணமாக வைத்தார்கள். அவற்றை அளக்கக் கதிரை நம்புவதில்லை. கனஅளவு துல்லியமாகத் தெரிந்த பெரிய கலத்தில் காற்றை நிரப்பி, வெப்பத்தையும் அழுத்தத்தையும் குறித்துக்கொண்டு, அதிலுள்ள கரியமில வாயுவை மட்டும் உறையவைத்துப் பிரித்து, மிகச் சிறிய கலத்தில் விட்டு, மறுபடி அழுத்தத்தைக் குறிக்கிறார்கள். பிறகு கணக்கு. வேறு எந்த வாயுவின் சாட்சியமும் இதற்கு வேண்டியதில்லை. அழுத்தம், வெப்பம், கனஅளவு என்ற மூன்றே போதும்.

இந்த மூலத்திலும் ஒரு பிழை இருந்தது. சிறிய கலத்தில் அளக்கும் அந்தச் சொற்ப நேரத்தில், இணைப்புகளில் கசிவைத் தடுக்கப் பொருத்தியிருந்த ரப்பர் போன்ற வளையங்கள் கரியமில வாயுவை மிகச் சிறிதளவு உறிஞ்சிக்கொண்டிருந்தன. அதனால் மெய்யான அளவைவிடச் சற்றுக் குறைவான எண்ணே பல ஆண்டுகளாகக் கிடைத்து வந்தது. இதையும் வேறு சில நுட்பங்களையும் சரிசெய்து 2019-ஆம் ஆண்டின் பெயரால் புதிய அளவுகோலை வகுத்தபோது, 400 பங்கை ஒட்டிய எண்கள் ஏறக்குறைய 0.18 பங்கு உயர்ந்தன. உலகத்தின் பழைய பதிவுகள் எல்லாவற்றையும் புதிய கோலுக்கு மாற்றி எழுத வேண்டியதாயிற்று. எவர் எந்தக் கோலில் அளந்தார் என்பதை எண்ணோடு சேர்த்து எழுதிவைத்தவர்களுக்கு அது எளிதாக முடிந்தது. எழுதிவைக்காதவர்களின் பதிவில் அந்த 0.18 பங்கு, காற்றில் ஏற்பட்ட உயர்வைப்போல் நின்றுவிடும்.

பத்தில் ஒரு பங்கு

உலக வானிலை அமைப்பு விதித்திருக்கும் வரம்பு, வட கோளார்த்தத்தில் ஆய்வுக்கூடங்களுக்கு இடையே கரியமில வாயுவில் 0.1 பங்குக்கு மேல் வித்தியாசம் கூடாது என்பது. வேறுபாடுகள் இன்னும் மெல்லியவையான தென் கோளார்த்தத்தில் 0.05. 424-இல் பத்தில் ஒன்றை விடாமல் துரத்துவது பிடிவாதம்போல் தோன்றலாம். உலகக் காற்று முழுவதிலும் ஒரு பங்கு என்பது சுமார் 210 கோடி டன் கரிக்குச் சமம், ஆகவே 0.1 பங்கு 21 கோடி டன். இந்தியா ஓராண்டில் நிலக்கரியும் எண்ணெயும் எரித்து வெளிவிடும் கரி ஏறக்குறைய 80 கோடி டன். உலகச் சராசரியில் பத்தில் ஒரு பங்கு தவறினால், நம் நாட்டின் ஓராண்டுப் புகையில் நாலில் ஒரு பகுதி கணக்கில் வராமற் போகும். அல்லது இல்லாத இடத்தில் கூடுதலாகத் தோன்றும். நாடுகள் தத்தம் புகையைத் தாமே கணக்கிட்டுச் சொல்கின்றன. அந்தக் கணக்கைச் சரிபார்க்கக் காற்றைத் தவிர வேறு சாட்சி இல்லை.

நம் நாட்டில் இத்தகைய நிலையங்கள் இன்னும் மிகச் சிலவே. இனிமேல் கேரளக் கரையிலோ, சோழமண்டலக் கரையிலோ, மேற்குத் தொடர்ச்சி மலையிலோ புதிய நிலையம் காணப்போகும் கல்லூரிகளுக்கும் ஆய்வு நிறுவனங்களுக்கும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். கருவி வாங்குவதற்கு மானியம் கேட்கும்போதே, உலக மூலப் பிரமாணத்தோடு தொடர்புள்ள சிலிண்டர்களுக்கும், அவற்றைச் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை திருப்பி அனுப்பிச் சோதிக்கும் செலவுக்கும், ஈரம் நீக்கும் ஏற்பாட்டுக்கும் சேர்த்தே கேளுங்கள்; வெளியிடும் எண் ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது எந்தக் கோலில் அளந்தது என்பதை எழுதுங்கள்; சுற்றிவரும் சிலிண்டர் உங்கள் வாசலுக்கு வரும்போது, வரும் எண் எதுவானாலும் அதை அப்படியே எழுதி அனுப்புங்கள்.